ஒரு சொட்டு பட்டாலும்

கம்ப்யூட்டர் சத்தமே போடக் கூடாது என்பதுதான் அவள் கேட்டது. மைசூரில் நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் பாட வீடியோக்கள் தயாரிப்போம்; குரல் அவளுடையது, கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. அவள் வீட்டிலிருந்தே பதிவு செய்ய ஆரம்பித்த பிறகு, பழைய பெட்டியின் ஃபேன் இரைச்சல் எல்லாப் பாடத்திலும் விழுந்தது. "என் குரலுக்குப் பின்னாடி யாரோ பஸ் ஓட்டிண்டு போறா" என்பாள்.

ஒன்றரை வருஷமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். அவளுடையது மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூர் லட்சுமிபுரத்தில் ஊன்றிவிட்ட வைஷ்ணவக் குடும்பம்; வீட்டில் பேச்சு தமிழ், அவளுக்குப் படிக்க எழுதத் தெரிந்தது கன்னடம்தான். நான் கொள்ளேகால் பக்கம் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமம். அப்பா அம்மா இருவருக்கும் கைநாட்டுதான்; எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான், அதுவும் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுதப் பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன். அவள் வீட்டு வாசலைத் தாண்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. நல்ல பெட்டி ஒன்று செய்து கொடுத்தால், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என் முகமாவது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பினேன். "நேரம் பாத்து ஆத்துல சொல்றேன் கணோ" என்று அவளும் சொல்லியிருந்தாள். கன்னடத்துக் 'கணோ'தான் அவளுக்கு 'டா'.

அவள் மேஜை சின்னது. இரண்டு செருப்பு டப்பாவை அடுக்கின அளவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். வீடியோ வேலை சீக்கிரம் முடிய, பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்ட வேண்டும். இதை ஓவர்கிளாக் செய்வது என்போம். வேகம் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் கத்தும். அதனால் தண்ணீர். லாரி இன்ஜினுக்கு இருக்கிற ஏற்பாடுதான்: விரல் தடிமனில் ட்யூப், கைக்குள் அடங்கும் பம்ப், ஒரு ரேடியேட்டர். சூட்டைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய்விடும். ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியை மாட்டினேன். டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, மற்ற பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ காகிதம். காகிதம் நனைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். தலையைப் பெட்டிக்குள் விட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து அவள் அம்மா கேட்டார். "தூத்தம் வேணுமாப்பா?"

கன்னடத்தில் ஓட்டைக்குத் தூத்து என்று பெயர். பெட்டியில் ஓட்டை ஏதும் போட வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்துவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயோ, அது மட்டும் வேண்டாங்கம்மா. ஒரு சொட்டு பட்டாலும் எல்லாம் கெட்டுப் போயிரும்."

கொலுசுச் சத்தம் உள்ளே போனது. நிமிர்ந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தூத்தம்னா தீர்த்தம் கணோ. குடிக்கற தண்ணி. அம்மா விருந்தாளிக்கு வைக்கற வெள்ளி டம்ளர்ல கொண்டு வந்தா."

அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் தருவார்களா, எந்த டம்ளரில் தருவார்கள் என்று வாரக்கணக்கில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். வந்தது தெரியாமல் நானே வேண்டாம் என்றுவிட்டேன். அதுவும் எந்த வார்த்தையில்!

பெட்டி நன்றாக அமைந்தது. பக்கத்தில் காதை வைத்தால்தான் ஓடுவது தெரியும். அதைச் சரிபார்க்கிற சாக்கில் இன்னும் இரண்டு முறை போனேன். அம்மா சிரித்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் பற்றிப் பேசவில்லை. நானாகக் கேட்க வாய் வரவில்லை. கொள்ளேகால் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதெல்லாம் மன்னிப்பை எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

ஆறு மாதம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெங்களூர். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொன்னதுலதான உங்கம்மாவுக்கு மனசு விட்டுப்போச்சு?" என்றேன்.

"சேச்சே. அம்மா அதை அன்னைக்கே மறந்துட்டா. பாவம், வேலைல எவ்ளோ கவனம் பாருன்னா."

"அப்புறம் ஏன் வேண்டாம்னாங்க?"

ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்னு யாரும் சொல்லல கணோ. நான் ஆத்துல கேக்கவே இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"தைரியம் வரல. அவாளுக்கு நீ கம்ப்யூட்டர் மாட்டிக் குடுத்த பையன். அவ்ளோதான்."

ஆறு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். என் தப்பாகவே இருந்திருந்தால் தேவலை என்று அப்போது பட்டது. என் தப்பு என்றால், போய் மன்னிப்புக் கேட்க ஒரு வாசலாவது இருந்திருக்கும்.

அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டிய அங்க எடுத்துண்டு போறேன்" என்றாள். "அதுல தண்ணி எப்போ மாத்தணும்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை."

"நீதான் மாத்தணுமா?"

"இல்ல. யாரு வேணும்னாலும் மாத்தலாம்" என்றேன். எப்படி மாற்றுவது என்று அன்றே எழுதி அனுப்பினேன், அவளுக்குப் புரியட்டும் என்று கன்னடத்தில்.