வானத்தைத் துடைத்த சாஃப்ட்வேர்

போன வாரம் என் மச்சானின் ஆபீஸில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். காரணம் — ஒரு சின்ன டிக்!

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிவகாசிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி நடத்துகிறான். இப்போதெல்லாம் வெளியூர் வியாபாரிகள் நேரில் வந்து வெடித்துப் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ போனால்தான் ஆர்டர் வரும். இந்த சீசனுக்குப் புதிதாக ஒரு வாணம் போட்டிருந்தான். மேலே போய்ச் சிவப்பாக விரியும், பிறகு வெள்ளிப் பொடியாக உதிரும். என் புது 4கே கேமராவில் அதை எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

இருட்டியதும் நானே பற்றவைத்துவிட்டு ஓடிவந்து எடுத்தேன். அன்று மச்சான் விருதுநகர் போயிருந்தான். நானோ கேமராவின் குட்டித் திரையில் ஃபோகஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால்தானே?

எடிட் பண்ணத்தான் தாவு தீர்ந்தது. முதல் சாஃப்ட்வேரில் 4கே ஃபைலைப் போட்டதும் லேப்டாப் திக்கித் திணறி நின்றேபோனது. இரண்டாவது இலவசம்... ஆனால் நடுவானத்தில் தன் பெயரை எழுதிவைத்தது. மூன்றாவது என் கேமரா ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. நான்காவதுதான் வழிக்கு வந்தது. இருட்டில் எடுத்த வீடியோவில் மணல் தூவின மாதிரி புள்ளிகள் தெரியுமே, அதைத் தானாகவே சுத்தம் செய்யுமாம். அதற்கான கட்டத்தில் டிக் பண்ணினேன். அடடா, வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது! மச்சானும் பார்த்த வேகத்தில் அனுப்பிவிட்டான்.

இரண்டு நாளில் வியாபாரியிடமிருந்து போன். சிவப்பு சரி, வெள்ளி எங்கே என்று கேட்டாராம். மச்சான் மறுபடி போட்டுப் பார்த்தான். வெள்ளி இல்லை.

உடனே பேச்சியம்மாளைக் கூப்பிட்டான். வாணத்துக்குள் வெள்ளி மருந்தை அடுக்குகிறவர் அவர். பல வருஷமாக அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. மச்சான் வீடியோவைக் காட்டினான். நாளையிலிருந்து பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகச் சொன்னான்.

பேச்சியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளி வைக்காம நான் ஒண்ணைக்கூட மூடுனதில்லையே, மொதலாளி" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. கேமராவில் இருந்த ஒரிஜினலை அப்படியே போட்டேன். சிவப்பு விரிந்தது. அப்புறம்... வானம் முழுக்க வெள்ளி, பொடிப்பொடியாக! அத்தனையையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறது என் சாஃப்ட்வேர். தப்பு என்னுடையது என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

சாஃப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? விலை, ஸ்டார், விமர்சனமெல்லாம் அப்புறம். நீங்களே எடுத்த ஒரு நிமிஷத்தைப் போட்டு, ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதைச் சேர்க்கிறது என்பதைவிட எதைத் தூக்குகிறது என்று பாருங்கள்.

பேச்சியம்மாள் என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இன்னொருக்கா போடுதீகளா அண்ணாச்சி? வெளிச்சம் இருக்கும்போதே எங்களை வேன்ல ஏத்தி விட்டுருவாக. இது மேல போனா எப்படி இருக்கும்னு நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மச்சான், எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான்.