அம்மா பிடித்த செப்புக் கம்பி

செரண்டாவில் எங்கள் வீட்டில், என் மகளின் அறையில் இருக்கும் பியானோவுக்குத் தடித்த தந்தி ஒன்று மாட்ட வந்த பியானோ ரிப்பேர்காரத் தம்பி, அதைக் கொக்கியில் போடும் முன் ஒரு சுற்று முறுக்கினார்.

"எதுக்குத் தம்பி முறுக்குறீங்க?"

"செப்பு சுத்தியிருக்கிற பக்கமாவே முறுக்கணும்கா. இல்லன்னா செப்பு தளந்து கரகரன்னு அடிக்கும் லா."

என் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். ஹாலில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளில், பத்தாங் காலி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பட்டறை ஃபிட்டர். தோட்டத்து மேனேஜர் துரை விட்டுப்போன பியானோ எங்கள் மாதா கோயிலுக்கு வந்தது. அதில் இப்படி ஒரு தந்தி அறுந்தபோது அப்பாவே புதிதாகச் செய்தார். லேத்தில் எஃகுக் கம்பி சுழன்றது. ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்துவிட்டு வந்த அம்மா, ஆசிட் வாடை வீசும் கையால் செப்புக் கம்பியை இழுத்துப் பிடித்து, எஃகின்மேல் நெருக்கமாகச் சுற்றவிட்டாள். அப்பா அதை அப்படியே கொண்டுபோய் மாட்டினார்.

ஞாயிறு பூசையில் அந்தத் தந்தி தகரம்போல் அதிர்ந்தது.

"ஆசிட் கையோட புடிச்சா. வேற என்ன ஆகும்?" என்றார் அப்பா, எல்லோர் முன்னாலும்.

அதன்பிறகு கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். பூசையில் அந்தத் தந்தி அதிர்ந்தால், கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

"கேட்டியாம்மா, தம்பி சொன்னத? ஒன் கையால இல்ல. அப்பாதான் முறுக்காம மாட்டிட்டாரு."

அம்மா உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"மெதுவா பேசு. அவரு காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவாரு."

ஹாலில் டிவி சத்தம் நின்றிருந்தது.