கரியாலூருக்கு ஆர்ச்சாம்!

மலைமேல் இருக்கும் கரியாலூர் படிப்பகத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் பழைய கணினிகளுக்காக நானும் முருகவேலும் தமிழில் ஒரு லினக்ஸ் இயங்குதளம் தொகுத்து வருகிறோம். டெபியன், ஆர்ச் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளில் அதை எதன்மேல் கட்டுவது என்பதில்தான் சண்டை.

இன்று சங்கராபுரத்தில் அவருடைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனால், என்னைக் கேட்காமலே ஆர்ச்சின்மேல் கட்டத் தொடங்கியிருந்தார்.

"டெபியன்னுதானே பேசினோம்?" என்றேன்.

"அது அசையவே அசையாது சார். இதுல தெனம் புதுசு புதுசா வந்துக்கினே இருக்கும்."

"படிப்பகத்துல சிக்னலே இல்லையே. அப்டேட்டை பென்டிரைவ்ல போட்டு நான்தான் பஸ்ல கொண்டுபோகணும். தினமும் மலையேற முடியுமாங்க?"

"நீங்க இப்டியே யோசிச்சிக்கினு இருங்க. அந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவறு என்னுடையதுதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்க கரியாலூர் போயிருக்கீங்களா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? அருவில குளிக்க எத்தினி வாட்டி போயிருக்கேன்!"

படிப்பகம் எந்தப் பக்கம் என்று கேட்டால், அதுகூட அவருக்குத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். டெபியனில் தனியாகவே தொடங்கிவிட்டேன்.

ஆர்ச் அன்பர்கள் என்னைத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் அந்தப் படிப்பகத்தில் உட்கார்ந்துகொண்டு பதிவிடுங்கள். வந்து சேர்ந்தால் மாற்றிக்கொள்கிறேன்.