வாடகை வீட்டில் ஒரு விரல்

என் நண்பர் உடம்பைத் துறந்தவர். தம்பிலுவிலில், வெள்ளிக்கிழமை தோறும், கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துத் துறப்பார். கல்முனையில் ஒரே பாடசாலையில் படிப்பித்து, ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். அவர் வேதாந்தப் பக்கம் போனார். நான் சாய்ந்தமருதில் இருந்துகொண்டு ஊர் நடப்புகளைத் தேதி போட்டு எழுதிவைக்கும் ஆளானேன். வேதாந்தம் நானும் வாசித்திருக்கிறேன், அவரைவிடக் கொஞ்சம் கூடவே. அதனால் ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னேரங்களில் பஸ் ஏறிப் போய் அவர் பேச்சைக் கேட்பேன்.

உடம்பு ஒரு வாடகை வீடு என்பார். குடியிருப்பவன் வேறு, வீடு வேறு; வீட்டையே தான் என்று நினைப்பவன் மூடன். இதைச் சொல்லும்போது சாயம் பூசிய அவர் தலைமுடி விளக்கில் மின்னும். வாடகை வீட்டுக்கு இவ்வளவு கிரமமாகப் பெயின்ட் அடிப்பவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆடி அமாவாசைக்கு முந்திய வெள்ளியன்று, எப்போதும் நின்று பேசுபவர் கதிரையில் இருந்து பேசினார். வலது காலைச் சால்வையால் மூடியிருந்தார். பேச்சு முடிந்து அவர் வீட்டுக்குப் போனதும் சால்வையை விலக்கிப் பார்த்தேன். ஒரு விரல் கறுத்திருந்தது. பழைய சீனி வருத்தம், நீரிழிவு. வெறுங்காலோடு கடற்கரையில் நடந்தபோது சிப்பி வெட்டியிருக்கிறது. இப்போதே வந்தால் விரலோடு போகும், பிந்தினால் முழங்கால் வரை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"அது வீடு மச்சான், நான் இல்ல. வீட்டுக்கு ஒண்டெண்டா வீட்டுக்காரன் பாத்துக்குவான்" என்றார்.

கத்திக்குப் பயம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பிரம்மத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன். நான் எடுத்த நியாயங்களை எல்லாம் அவர் மேற்கோள் காட்டி விழுத்தினார். தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்:

"குடியிருக்கிறவர் எழும்பிப் போயிருவார். காலில்லாத வீட்டோட கிடந்து மாரடிக்கப் போறது ஆரு?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பக்கத்துக் கட்டிலில் மருதமுனைப் புடவை வியாபாரி ஒருவர். நண்பருக்கு விரல் எடுத்த அதே காலையில்தான் அவருக்கும் எடுத்திருந்தார்கள். அவர் மகன் வெள்ளைத் துணியோடு வந்து, விரலைக் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டு போனான். அது எங்கே போகிறது என்று நண்பர் விசாரித்தார். எங்கள் மார்க்கத்தில் வெட்டி எடுத்த உறுப்பையும் மண்ணில் அடக்கிவிடுவோம் என்று சொன்னேன். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம், நம்மை நம்பித் தந்த பொருள். அதைக் குப்பையில் போட முடியாது.

நண்பர் கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார்.

"என்ட விரல் எங்க?"

குடியிருப்பவன் வேறு, வீடு வேறு என்று தொடங்கினேன்.

"கதையாத. போய்க் கேளு."

போய்க் கேட்டேன். சைவ ஆக்கள் இதைக் கேட்டு வருவதில்லையே என்று ஊழியர் என்னையும் என் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேடி எடுத்துத் தந்தார். அதை அவர் வீட்டு வளவுக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் எனக்கே வந்தது. தென்னையடியில் வைக்கலாம் என்றேன். பிறகு அந்தத் தேங்காயை ஆர் தின்கிறது என்று மனைவி தடுத்துவிட்டார். கடைசியில் வேலியோரம் ஒரு முழம் தோண்டினேன். எந்த மதத்தின்படி அடக்குவது என்று தெரியாததால் வாய் திறக்காமல் மண்ணைத் தள்ளினேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டுக்குத் திரும்பியபோது அவர் விழித்திருந்தார். ஆழமாய்த் தோண்டினேனா, நாய் கிளறாதா என்று கேட்டார். கிளறாது, மேலே கல் வைத்திருக்கிறேன் என்றேன். பிறகு, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நகம் எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு?"

மேலே என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடினார்.