பொருந்தவில்லை என்று நான் சொன்ன நிப்பிள்

அமெரிக்க உள்நாட்டுப் போரை அந்தக் கால உடுப்பில் நடித்துக் காட்டும் நியூஜெர்சிக் குழு ஒன்றில் ஐந்து வருடமாக இருக்கிறேன். என் மஸ்கெட் துப்பாக்கி, பழைய மாதிரியைப் பார்த்து இத்தாலியில் செய்த நகல். அதில் நிப்பிள் என்று சிறு எஃகுக் குழாய் ஒன்று உண்டு. அதன் தலையில் கேப் என்ற சின்ன வெடிமூடியை மாட்டி விசையை இழுத்தால் சுத்தியல் வந்து அடிக்கும். பொறி உள்ளே இறங்கி மருந்து பற்றும். சென்ற வசந்தத்தில் அந்தத் தலை நசுங்கிப்போனது. இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் வெடித்தது. ஒழுங்காக வெடிக்காத துப்பாக்கியோடு வரிசையில் நிற்க எங்கள் குழுவில் அனுமதி இல்லை.

இந்த நகல்களில் சிலவற்றுக்கு மரை மில்லிமீட்டர் கணக்கு, சிலவற்றுக்கு அங்குலக் கணக்கு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வெர்னியரால் மூன்று முறை அளந்து, தேதியோடு நோட்டில் குறித்தேன். தருவித்த முதல் நிப்பிள் தளர்ந்து ஆடியது. இரண்டாவது, இரண்டு சுற்றிலேயே இறுகி நின்றது. பலவந்தமாகத் திருகினால் துப்பாக்கியின் மரை கெட்டுவிடும். மூன்றாவதற்கு ஆர்டர் கொடுத்திருந்தேன்.

குழு கூடாரம் போடும் முகாமுக்கு என் மனைவி வர ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் எலுமிச்சை சாதத்தோடு அவள் நடந்தால் ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். ஐந்து வருடமாக என் பெயரைக் கடித்துத் துப்புகிறவர்கள், அவள் பெயரை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்சில்வேனியாவிலிருந்து வரும் முதியவர் ஒருவரிடம் நிப்பிள் ஒன்றை வாங்கி வந்தாள்.

"இந்தாங்க. உங்க கன் ஃபோட்டோவ காட்டினேன். அங்கிள் டப்பாவக் குடைஞ்சு எடுத்துக் குடுத்தார்."

"மரை என்ன அளவு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? போட்டுப் பாருங்க."

கராஜில் போட்டுப் பார்த்தேன். விரலாலேயே கடைசிச் சுற்றுவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. கழற்றினேன். சமையலறைக்கு வந்து, "பொருந்தல" என்றேன். சரியான நிப்பிளை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அவள் அவருக்கு ஃபோன் பண்ணுவாள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை அவர் இரண்டு மணி நேரம் காரோட்டி, கனத்த டூல் பாக்ஸோடு எடிசன் நகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தவறான பாகத்தைக் கொடுத்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டார். துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். அவர் முதலில் கேட்டது அதே நிப்பிளைத்தான். இரண்டு விரலால் சுழற்றினார். இறங்கி உட்கார்ந்தது.

"பெர்ஃபெக்ட் ஃபிட்" என்று குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள்.

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால், போட்டுப் பார்க்கத் தெரியாதவன் என்று பெயர் எடுக்கலாம்.

"நான்தான் சரியா பாக்கல போல."

"கண்ணு போச்சு உங்களுக்கு! கண்ணாடிய மாத்துங்கன்னு எத்தன தடவ சொல்றேன்!" அதையே அவருக்கு இங்கிலீஷிலும் சொன்னாள். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அடுத்த முகாமில் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. வரிசையில் நின்றேன். துப்பாக்கி ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. அது வெடித்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பி, கூடாரத்து நிழலில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்கள்.