பாதிச் செம்பு

திருச்சுழி பயணியர் விடுதிக்கு வெள்ளையடிக்கப் போனபோது அந்தக் காவலாளியைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், சாயம்போன காக்கிச் சட்டை. மலையிலிருந்து வந்த லைலாக் பூச்செடியின் தொட்டிக்கு ஈரச்சாக்கு சுற்றியிருந்தார். அதை மலையில் வளர்த்துக் கொண்டுவந்து, பூக்க வைத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். இவர் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றினார்.

நான் கொடைக்கானலில் தோட்டவேலை பார்த்தவன். "அண்ணாச்சி, கடுங்குளிர் இல்லாம இது மொட்டே விடாது," என்றேன்.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"மலையில வளத்தவுகளுக்குத் தெரியாதா? வேலை தாரதா இருந்தா மல்லியப் பூக்க வைக்கச் சொல்லியிருப்பாக."

செடிக்கு வைத்திருந்த செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார். பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினார்.

"இது என்னலே பண்ணுச்சு? இதையும்ல ஏமாத்திக் கூட்டியாந்திருக்காக."

அப்புறம் நானும் பல ஊர்களில் ஏமாந்தேன். அந்த ஆத்திரத்தை அவரைப்போலப் பாதிச் செம்போடு நிறுத்த எனக்கு வந்ததில்லை.