வண்டலூருக்கு ஒரு ஸ்வெட்டர்

எங்கள் வீட்டில் ஊட்டிப் பயணம் என்றால், கோடை விடுமுறையில் அப்பா ரயில் அட்டவணையை வாய்விட்டுப் படிப்பார், அவ்வளவுதான். ஒரு வருஷம் அம்மா அதை நம்பி, எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் எனக்கும் தம்பிக்கும் ஸ்வெட்டர் இரவல் வாங்கிவிட்டாள். அந்த வாரமே சித்தப்பா குடும்பத்தோடு தாம்பரத்தில் வந்து இறங்கினார். கையிலிருந்த காசு அத்தனை பேருக்கும் வண்டலூர் மிருகக்காட்சிசாலை வரைதான் தாங்கியது.

“போடாமலே திருப்பிக் குடுத்தா என்ன நினைப்பாங்க?” என்று மே மாத வெயிலில் ஸ்வெட்டரை எங்களுக்கு மாட்டிவிட்டாள் அம்மா. கரடிகூட எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது.

துவைத்துத் திருப்பிக் கொடுத்தபோது ஆன்ட்டி கேட்டார்: “ஊட்டில நல்ல குளிரா?”

“பசங்க ஸ்வெட்டரைக் கழட்டவே இல்லீங்க” என்றாள் அம்மா.

ஆன்ட்டி என் கழுத்து வேர்க்குருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.